காக்கை (பொறுப்பு)

அரியலூருக்கு அந்த அலுவலகம் ஏன் வந்தது என்று அரியலூரில் யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் இருந்தவர்களுக்கும் தெரியாது. ஒரு நாள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ரயிலடிப் பக்கம் காலியாகக் கிடந்த ஒரு வீட்டைப் பிடித்து, 'இல்லத் தயாரிப்பு உணவு ஒழுங்குமுறை அலுவலகம்' என்று பலகை மாட்டினார்கள். பலகை வீட்டைவிட அகலம். அதன் பாதி பக்கத்துச் சைக்கிள் கடையின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. காற்றடிக்க வந்தவர்கள் அதற்கும் உரிமம் கேட்பார்களோ என்று பயந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சிமெண்டு ஆலைக்குக் கல் ஏற்றும் லாரிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தன. லாரிக்காரர்களுக்கும் கல் வெட்டுகிறவர்களுக்கும் விடியற்காலையில் பசி எடுத்தது. அந்த நேரத்தில் ஓட்டல்காரர்கள் தூங்கினார்கள், வீட்டில் இட்லி அவித்து விற்ற பெண்கள் விழித்திருந்தார்கள். இந்த ஏற்பாடு யாருக்கும் தொந்தரவில்லாமல் நடந்துகொண்டிருந்தது. அதுதான் அரசாங்கத்தின் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும்.

அலுவலகத்தின் தலைவர் இராமலிங்கம். துணை ஒழுங்கு அலுவலர் என்பது அவருடைய பதவி. ஒழுங்கு அலுவலர் என்று ஒருவர் எங்கேயும் கிடையாது. வந்த வாரமே பஸ் ஸ்டாண்டில் மைக் கட்டிப் பேசினார்.

"பொதுமக்களே! ஓட்டல் சாப்பாட்டைப் பத்தி அரசாங்கம் கவலைப்பட்டு முடிச்சாச்சு. இப்ப வீட்டுச் சாப்பாட்டைப் பத்திக் கவலைப்பட என்னை அனுப்பியிருக்கு. வீட்டுச் சமையல் எவ்வளவு பயங்கரமான விஷயம்னு என்னைக்காவது யோசிச்சீங்களா? கண்ணளவுல உப்பு போடறாங்க. யாரையும் கேக்காம தாளிக்கிறாங்க. நான் இதுக்கு முன்னாடி இருந்த ஊர்ல தெருவுக்குத் தெரு வீட்டுல இட்லி சுட்டு வித்தாங்க. நான் போன ஒரே வருஷத்துல அத்தனையும் சுத்தமா நின்னுபோச்சு. அதுக்கப்புறம் ஒருத்தருக்கும் வயித்து வலி இல்லை. சாப்பிட்டாத்தானே வலிக்கும்!"

மைக்கில் பேசியவருக்குக் கடைசியில் கைதட்டுவது எங்கள் ஊர் மரியாதை. தட்டினோம். அவர் அதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டார்.

கல்லங்குறிச்சி ரோட்டில் கூரை வீடு ஆண்டாயியினுடையது. புருஷன் அரியமுத்து கல் லாரியில் லோடு ஏற்றுகிறவன். ஆண்டாயி கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கோழி கூவும் முன்பே இட்லி விற்பாள். வருஷத்தில் அவளுக்குப் பெரிய வியாபாரம் கல்லங்குறிச்சிப் பெருமாள் தேர் அன்றைக்குத்தான். ஆண்டிமடத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஜனம் விடிவதற்குள் நடந்தே வரும். எல்லோரும் அவள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்தத் தேர் வருமானத்தில் சமையல்கட்டுக்குக் கூரையை எடுத்துவிட்டு ஓடு போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். போன மழைக்காலத்தில் கூரை ஒழுகி, சட்னிக்குத் தனியாகத் தண்ணீர் விடும் வேலையே இல்லாமல் போயிருந்தது. வரும் மழைக்கு அந்தக் கூரை தாங்காது.

அப்போதுதான் ஜீப்பிலிருந்து அறிவிப்பு செய்தார்கள். உரிமம் இல்லாமல் தேர்க் கூட்டத்துக்கு உணவு விற்றால் அடுப்பில் மண்ணைப் போட்டு மூடி, இட்லிப் பானையை ஜப்தி செய்வார்களாம். ஆண்டாயி மறுநாளே போய் மனுக் கொடுத்தாள்.

இராமலிங்கம் சோதனைக்கு வந்தார். கூடவே ஃபைலோடு தலைமை எழுத்தர் அய்யம்பெருமாள். அவருக்குப் பின்னால் அரக்கு, முத்திரை, எழுத்தரின் சோற்றுத் தூக்கு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பியூன் கருப்பண்ணன். சமையல்கட்டில் அரியமுத்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இது யாரு?"

"எங்க வூட்டுக்காரருங்க."

"சமையல்ல இவருக்கு என்ன பங்கு?"

"திங்கிறதோட சரிங்க."

"அப்ப வாடிக்கையாளர். எழுதிக்கய்யா. வாடிக்கையாளர் சமையலறைக்குள்ள வரக்கூடாது."

அன்றிலிருந்து அரியமுத்து சொந்த வீட்டில் ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டிச் சோறு வாங்கித் தின்றான். கொல்லைக்குப் போகும் வழி சமையல்கட்டுக்குள் இருந்தது. அதனால் குளிக்கப் போகும்போதெல்லாம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைச் சுற்றிப் போனான். எதிரில் வருகிறவர்கள் ஊருக்கா என்று விசாரித்தார்கள்.

அடுத்தது எலி. வீட்டில் எலி இருக்கக் கூடாது, எலிப்பொறி இருக்க வேண்டும் என்பது விதி. ஆண்டாயி பொறி வாங்கி வைத்தாள். இராமலிங்கம் குனிந்து பார்த்தார்.

"இது வேலை செய்யுதுன்னு என்ன அத்தாட்சி?"

"எலி இல்லீங்களே சார். இருந்தாத்தானே வுழுவும்?"

"எலி விழுந்தாத்தான் பொறி வேலை செய்யுதுன்னு நான் எழுத முடியும். பொறி வேலை செஞ்சாத்தான் எலி இல்லைன்னு எழுத முடியும். ஒரு எலியைக் காட்டு, உன் வீட்டுல எலி இல்லைன்னு கையெழுத்துப் போட்டுடறேன்."

ஆண்டாயி எலிக்கு எங்கே போவாள்? கருப்பண்ணன்தான் இரக்கப்பட்டுப் பொறியை வாங்கிப்போய் அலுவலகத்தில் ஃபைல் அடுக்கியிருந்த அறையில் வைத்தார். கதவைச் சாத்துவதற்குள் விழுந்துவிட்டது. நல்ல கொழுத்த எலி, காகிதத்திலேயே வளர்ந்தது. அதை இராமலிங்கம் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "பொறி அருமையா வேலை செய்யுது" என்று எழுதிக்கொண்டார். எலியை ஒப்புகைச் சீட்டோடு அலுவலகத்துக்கே எடுத்துப் போனார்கள். அங்கே அது பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

எல்லாம் முடிந்தது என்று ஆண்டாயி மூச்சு விட்டபோது அய்யம்பெருமாள் கடைசிக் கேள்வியைப் படித்தார்.

"விற்பனைக்கு முன் உணவைச் சுவை பார்ப்பவர் யார்?"

ஆண்டாயிக்குப் பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டாள். அங்கேதான் வந்தது வினை.

"காக்காதாங்க."

"யாரு?"

"காக்காதாங்க சார். காக்காவுக்கு வைக்காம எங்க வூட்ல யாரும் வாயில வைக்கிறதில்ல. மொத ஈடு எறக்குனதும் ஒரு இட்லிய எலையில வச்சு, கொல்லச் செவத்து மேல வச்சுக் கூப்புடுவேன். அது வந்து கொத்துனாத்தான் யாவாரமே."

அய்யம்பெருமாள் சிரிக்கலாமா என்று அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை. விதிப் புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார்.

"சுவை பார்க்கிறவர் மனுஷனா இருக்கணும்னு இதுல எங்கேயுமே இல்லையே. விதி எழுதினவங்க அதை யோசிக்கலை. அவங்க யோசிக்காததை யோசிக்கிறது என் வேலை இல்லை. எழுதிக்கய்யா, சுவை பார்ப்பவர்: காக்கை. நடைமுறையையும் அந்தம்மா சொன்ன மாதிரியே எழுது. இலை, சுவர், கூப்பிடறது, ஒண்ணும் விட்டுடாதே."

"சார், இதுக்குக் கீழயே இன்னொண்ணு இருக்கு" என்றார் அய்யம்பெருமாள். "சுவை பார்ப்பவர் மனுதாரருக்கு உறவினரா?"

"அதையும் கேட்டுடு."

"எங்க மாமனாருங்க" என்றாள் ஆண்டாயி.

பேனா நின்றது.

"அவரு செத்த மறுநாளுலேர்ந்து அந்தக் காக்கா வருதுங்க. செவத்துல அதே மூலையிலதான் ஒக்காரும். அவரு எதுலேயும் கட்டுசெட்டு."

மனு திரும்பி வந்தது. சுவை பார்ப்பவர் மனுதாரரின் மாமனார் என்பதால் பாரபட்சமாகக் கருத்துச் சொல்ல வாய்ப்பு உண்டு என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் காக்கை தன் மாமனார் இல்லை என்று ஆண்டாயி எழுதிக் கொடுக்க வேண்டும். கீழே அரியமுத்துவும் கையெழுத்துப் போட வேண்டும்.

அரியமுத்து ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே கத்தினான். "எங்கப்பன எங்கப்பன் இல்லன்னு எழுதிக் குடுக்கச் சொல்றியா? சட்னி வைக்கலன்னா அது இட்லியத் திரும்பிக்கூடப் பாக்காது. அப்பிடியே எங்கப்பாரு குணம். வேற எவனா இருப்பான்?"

"நான் மட்டும் இல்லன்னா சொன்னேன்? தேரு வர்றதுக்குள்ள உரிமச் சீட்டு வேணுங்க. ஓடு போடணுமா வேணாமா?"

"ஓட்டுக்காவ அப்பன வுட்டுக்குடுக்க முடியாது."

சொல்லிவிட்டு அவன் பட்டினியாக லாரிக்குப் போய்விட்டான். ஆண்டாயி அழுதுவிட்டாள். இத்தனை வருஷம் அடுப்பில் வெந்தவளுக்கு அன்றைக்குத்தான் ஆத்திரமாக இருந்தது. யார் வயிற்றையும் கெடுக்காத ஒரு இட்லிக்கு மாமனாரைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று மனம் ஆறவில்லை.

சிக்கலை அவிழ்த்தவர் அய்யம்பெருமாள். சர்க்கார் வேலையிலேயே நரைத்தவர். அவர் எழுதிய குறிப்பை அலுவலகத்தில் எல்லோரும் ஒருமுறை எழுந்து நின்று படித்தார்கள். 'மேற்படியார் தனிப்பட்ட முறையில் மனுதாரருக்கு மாமனாராக இருக்கலாம். ஆனால் சுவரின் மேல் அவர் அலுவல் முறையில் காக்கையாகவே அமர்கிறார். எனவே ஆட்சேபணை இல்லை.'

அரியமுத்துவும் இதற்குச் சம்மதித்தான். அப்பாவுக்குக் கடைசி காலத்திலாவது சர்க்கார் உத்தியோகம் கிடைத்ததே என்று அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை. கடைசி காலமெல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்பதை யாரும் அவனுக்கு நினைவுபடுத்தவில்லை.

தேருக்கு முந்தின வாரம் நேர்முகச் சோதனை. காக்கை அதிகாரிகள் முன்னிலையில் சுவை பார்க்க வேண்டும். அலுவலகம் முழுக்க ஆண்டாயியின் கொல்லைக்கு வந்துவிட்டது. நாற்காலி போட்டார்கள். ஜீப்பைச் சுவர் ஓரமாகவே நிறுத்தினார்கள். ஆண்டாயி இலையில் இட்லி வைத்துக் கூப்பிட்டாள். காக்கை வேப்பமரத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கூட்டத்தைப் பார்த்தது. இறங்கவில்லை.

"மனுதாரர் கூப்பிட்டு வரலைன்னா அலுவலகம் மூலமாக் கூப்பிடணும்" என்றார் அய்யம்பெருமாள்.

கீழ்நிலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கருப்பண்ணன் முன்னால் வந்து, கையைக் குவித்து, "கா... கா..." என்றார். அச்சு அசல் காக்கை. மரத்திலிருந்து பதில்கூட வந்தது. ஆனால் பியூன் அழைப்புக்குக் காக்கை வந்துவிட்டால் மேலே இருப்பவர்களுக்கு என்ன வேலை என்று அய்யம்பெருமாள் அவசரமாகக் குறுக்கே புகுந்தார். அவர் கூப்பிட்டது இருமலாக முடிந்தது. கடைசியில் துணை ஒழுங்கு அலுவலர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்டிப்பான குரலில், "கா!" என்றார். ஒரே ஒரு தடவை. மேலதிகாரி இரண்டு தடவை சொல்வதில்லை.

காக்கை பறந்து கல் லாரிப் பக்கம் போய்விட்டது.

"முன் அனுமதி இல்லாம பணிக்கு வரலை" என்றார் இராமலிங்கம். "குறிச்சுக்கய்யா. தற்காலிகப் பணிநீக்கம்."

வெயில் ஏறிவிட்டது. அடுப்பில் இரண்டாவது ஈடு வெந்து, அதன் வாசனை கொல்லை முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. சின்ன வெங்காயச் சட்னியைத் தாளித்த சத்தம் வேறு. எழுத்தரின் தூக்கில் இருந்தது பழையது. எல்லோரும் அடுப்பையே பார்த்தார்கள். அய்யம்பெருமாள் தொண்டையைச் செருமினார்.

"சார், ஒரு ஊழியர் இல்லாதப்ப அவர் பணியை அங்க இருக்கிற மூத்த அலுவலர் கூடுதல் பொறுப்பா ஏத்துக்கலாம். விதியில இடம் இருக்கு."

"இருக்கா?"

"தாராளமா இருக்குங்க சார்."

இராமலிங்கம் பொறுப்பேற்றார். சுவரில் ஏறி உட்கார்ந்து, இலையிலிருந்த இட்லியைச் சட்னியில் புரட்டிச் சாப்பிட்டார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு உரிமத்தை வாங்கி மடியில் வைத்துக் கையெழுத்திட்டு, கீழே பதவியையும் எழுதினார்: காக்கை (பொறுப்பு).

உரிமம் கிடைத்துவிட்டது என்று ஆண்டாயி அன்று வீடு முழுக்கச் சாணம் தெளித்து மெழுகினாள். மறுநாள் விடியற்காலையில்தான் விஷயம் புரிந்தது. கருப்பண்ணன் வந்து இட்லிப் பானையின் மூடியில் அரக்கு வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"என்னண்ணே இது?"

"சுவை பார்க்காம விக்கக் கூடாதும்மா. உரிமத்துல போட்டிருக்கு."

"காக்கா வந்துருச்சே! அந்தா செவத்துல ஒக்காந்திருக்கு பாருங்க."

"அது சஸ்பெண்டுல இருக்கும்மா. அதுக்கு இப்ப அதிகாரம் கெடையாது. பிழைப்பூதியம் மட்டும் உண்டு. பாதி இட்லி வையி."

காக்கைக்குப் பாதி இட்லி வைத்தாள். அது இலையை ஒருமுறை பார்த்தது, அவளை ஒருமுறை பார்த்தது. கல் வெட்டப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு நடந்தார்கள். துணை ஒழுங்கு அலுவலர் பத்தரை மணிக்கு வந்து, சுவரேறி, சாப்பிட்டு, "விக்கலாம்" என்றார். வாங்கத் தெருவில் ஆள் இல்லை. இப்படியே தினமும் நடந்தது. இட்லி ஆறிக் கல்லானது. தேருக்கு முந்தின நாள் ஆண்டாயி அலுவலகத்துக்கு ஓடினாள்.

"சார், நாளைக்கி ஒரு நாளு மட்டும் வெடியக்காலம் வந்துருங்க சார். வெயில் வந்துட்டா சனமெல்லாம் கல்லங்குறிச்சி போயிரும். யாவாரமே போயிரும் சார்."

"ஆண்டாயி, நீ ஒண்ணு புரிஞ்சுக்கணும். காக்கைங்கிறது எனக்குக் கூடுதல் பொறுப்பு. அடிப்படையில நான் மனுஷன். மனுஷனுக்கு ஆபீஸ் பத்து மணிக்கு."

"அப்பன்னா மறுபடியும் அந்தக் காக்காவையே வேலையில சேத்துக்கங்க சார்."

"பொறுப்பை ஒப்படைக்கணும்னா அது வந்து ஏத்துக்கிட்டேன்னு கையெழுத்துப் போடணும். போடுமா? சொல்லு. இது என்ன உங்க வீட்டுக் கல்யாணமா, வாங்க வாங்கன்னு கையப் பிடிச்சு இழுக்கறதுக்கு? பதவிக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. உரிமத்துல உள்ளபடி முறையாக் கூப்பிடணும். முறையாக் கூப்பிட்டா நான் எப்பவும் வரக் கடமைப்பட்டவன்."

ஆண்டாயி கும்பிட்டுவிட்டு வந்தாள்.

தேர் அன்று இருட்டுப் பிரிவதற்கு முன்பே ரோடு நிறைந்துவிட்டது. தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக ஜனம் வந்துகொண்டே இருந்தது. ஆண்டாயியின் வாசலில் இட்லி வாசனைக்கு நின்றவர்கள் வரிசையாகவே நின்றுவிட்டார்கள். பிள்ளைகள் பசியில் அழுதன. அண்டா அண்டாவாக மாவு காத்திருந்தது. இறக்கி வைத்த முதல் ஈட்டின் பக்கத்தில் கருப்பண்ணன் அரக்கும் முத்திரையுமாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, சுவை பாக்குறதுக்கு ஒண்ணு எடுக்கலாமுல்ல?"

"அதுக்கு எடுக்கலாம். விதியில இருக்கு."

அவள் ஒரு இட்லியை எடுத்து இலையில் வைத்தாள். அவர் உடனே பானையை மூடி அரக்கு வைத்தார். சட்னியும் வைத்தாள். இலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். கருப்பண்ணன் பதறிப் பின்னால் ஓடினார். இவள் எங்கே போகிறாள் என்று வரிசையும் பின்னாலேயே போனது. இரண்டு தெரு தள்ளித் துணை ஒழுங்கு அலுவலர் குடியிருந்த வீட்டின் முன் நின்று, ஆண்டாயி இலையைத் தூக்கிப் பிடித்துக் கூப்பிட்டாள்.

"கா... கா... கா..."

உள்ளே அசைவில்லை. அரியமுத்து சேர்ந்துகொண்டான். பசித்திருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். இது ஏதோ தேருக்கு முன் செய்கிற வேண்டுதல் என்று நினைத்து ஆண்டிமடத்துக் கூட்டமும் பக்தியோடு சேர்ந்துகொண்டது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தெருவே "கா கா" என்று அதிர்ந்தது. கருப்பண்ணன் எவ்வளவு நேரம்தான் அடக்குவார்? அவரும் கையைக் குவித்தார்.

விளக்கு எரிந்தது. கதவைத் திறந்தவர் அதிகாரியின் மனைவி. கூட்டத்தைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். இட்லியைப் பார்த்தார். முகத்தில் ஒரு வியப்பும் இல்லாமல் உள்பக்கம் திரும்பினார்.

"ஏங்க, எந்திரிங்க. உங்களைத்தான் கூப்பிடறாங்க."

இராமலிங்கம் பனியனும் கைலியுமாக வெளியே வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "யாரது, அலுவலக நேரத்துல வராம..." என்று தொடங்கினார்.

"முறைப்படிதாங்க சார் கூப்புட்டோம்" என்றாள் ஆண்டாயி. "நீங்கதான சொன்னீங்க?"

ஊரும் வெளியூருமாகக் கூட்டம் பின்னால் நின்றது. அவர் வாயை மூடிக்கொண்டு நடந்தார். ஆண்டாயியின் கொல்லையில் அரியமுத்து தோளைக் கொடுத்து அவரைச் சுவரில் ஏற்றினான். "பாத்து சார், அந்த மூலையில வேணாம். அது எங்கப்பாரு எடம்."

மூலையில் காக்கை தன் பாதி இட்லியோடு உட்கார்ந்திருந்தது. இராமலிங்கம் நடுச்சுவரில் உட்கார்ந்து, அத்தனை ஜனமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, சாப்பிட்டார். மயங்கி விழவில்லை. "விக்கலாம்" என்றார். கருப்பண்ணன் அரக்கை உடைத்தார்.

அதற்குப் பிறகு ஆண்டாயிக்கு நிமிர நேரமில்லை. ஈடு இறங்க இறங்க இலை பறந்தது. அரியமுத்து விதியை மறந்து சமையல்கட்டுக்குள் புகுந்து தண்ணீர் சுமந்தான். சமையல்கட்டுக்கு ஓடு வந்துவிட்டது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. அவனைப் பார்த்து அவள் சிரித்தாள். நாள் கணக்கில் அவள் சிரித்ததில்லை.

சுவரின் மேலிருந்து செருமல் கேட்டது. காலி இலையை மடிக்காமல் வைத்துக்கொண்டு துணை ஒழுங்கு அலுவலர் இன்னும் அங்கேயே இருந்தார்.

"ஆண்டாயி, சூடா இன்னொண்ணு வையேன்."

ஆண்டாயி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காக்காவுக்கு ஒண்ணுதாங்க சார். பசிச்சா எறங்கி வரிசையில வாங்க."

அவர் வரிசையைப் பார்த்தார். அது வேப்பமரத்தைத் தாண்டி ரோட்டையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மெதுவாகச் சுவரிலிருந்து இறங்கி, போய்க் கடைசியில் நின்றார்.